ஒரு டப்பா பச்சைத் தேயிலை

ஆனந்தபாய் திருடியது தேயிலை. அரிசியைத் திருடியிருந்தால் பசி என்று சொல்லலாம். மருந்தைத் திருடியிருந்தால் பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லலாம். நாற்பத்தாறு வயதில், பிள்ளை குட்டி இல்லாத விதவை, மூன்று வேளையும் வயிறார உண்கிறவள், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய் மாதர் சங்கத்தில் ஜெபமும் நடத்துகிறவள், வெறும் நாக்கு ருசிக்காக எசமானியின் தேயிலையைக் கிள்ளி எடுத்தாள் என்பதை எந்த வாயால் சொல்வது? அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதோடு நின்றிருந்தால் பாவத்தில் பாதி குறைந்திருக்கும். அவள் அதோடு நிற்கவில்லை.

பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு மிஷன் பங்களா இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அங்கே ஒரு மதாம்மா வந்து சேர்ந்தார். மற்ற வெள்ளைக்காரிகளைப் போல இங்கிலாந்திலிருந்து நேராகக் கப்பலேறி வந்தவர் அல்ல. சீனாவில் ஒரு ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்து, ஆட்சி மாறி வெளிநாட்டார் எல்லாரும் கிளம்பவேண்டும் என்றானபோது கிளம்பி வந்தவர். அறுபது தாண்டிய வயதிலும் புதன்கிழமைதோறும் வராந்தாவில் உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகளின் சொறிக்கும் சிரங்குக்கும் மருந்து போடுவார். தமிழைப் பிரசங்கங்கள் கேட்டே படித்ததால் பிரசங்கத் தமிழிலேயே பேசுவார். "ஆனந்தபாய், அந்தக் கோழியை எங்கே அடைத்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டால்கூட நியாயத்தீர்ப்பு நாளில் கேட்பதுபோல இருக்கும். ஆனந்தபாய் அவருக்குச் சமையல்காரி.

மதாம்மா சீனாவிலிருந்து கொண்டுவந்த சொத்து இரண்டு பெட்டியும் ஒரு தகர டப்பாவும். ஒரு படி அரிசி பிடிக்கும் அந்தக் கறுப்பு டப்பாவில் இருந்தது பச்சைத் தேயிலை. கூடவே வேலை செய்த டாக்டர் லின் என்ற சீனப் பெண், ஆற்றுத்துறையில் வழியனுப்பும்போது கையில் திணித்தது. அதற்குப் பிறகு லின்னிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாது. ஆகவே அந்த டப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் திறக்கும்.

அந்தச் சாயாவை நம் ஊர்ச் சாயாபோலக் கொதிக்கவிடக்கூடாது. பால் கூடாது, கருப்பட்டி கூடாது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி, ஒரு பீங்கான் ஜாடியில் ஊற்றி, அதிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி ஆறவிடவேண்டும். ஜாடியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணும்வரை பொறுக்கமுடிந்தால் அதுதான் பதம். காற்றாடி என்கிற சவுக்கு மரத்து ஊசியிலைபோல ஒல்லியாக, நேராக இருக்கும் இலையை ஒரு கரண்டி போட்டு, வெள்ளத்தை மேலே ஊற்றி, பரமண்டல ஜெபத்தை மனதுக்குள் ஒருமுறை நிதானமாகச் சொல்லி முடித்ததும் கிண்ணத்தில் வடித்துவிடவேண்டும். அதே இலையில் மறுபடி ஊற்றலாம், மூன்றாம் தடவையும் ஊற்றலாம். முதல் இரண்டும் மதாம்மாவுக்கு. மூன்றாவது ஆனந்தபாய்க்கு.

முதல்முறை வராந்தாவில் வைத்து அதைக் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள். "இதென்ன மதாம்மா, கீரை வெந்த வெள்ளமா?" என்று கேட்டேவிட்டாள். மதாம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மற்ற பச்சைத் தேயிலையைச் சட்டியில் வாட்டுவார்கள், இதை மட்டும் ஆவியில் வாட்டுவார்கள், அதனால்தான் அந்தக் கீரை மணம் என்றார். ஆவியில் வாட்டி, விசிறி ஆற்றி, சூடான பலகைமேல் இரண்டு உள்ளங்கையாலும் உருட்டி உருட்டி ஊசியாக்குவார்கள் என்று கையால் செய்தும் காட்டினார்.

கீரை வெள்ளத்தை மாட்டுக்கு ஊற்றலாம் என்று நினைத்தவள், நாலைந்து வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கத் தொடங்கினாள். விழுங்கின பிறகு, கொஞ்சம் பொறுத்து, தொண்டையின் அடியில் ஒரு இனிப்பு வந்தது. சர்க்கரை இனிப்பல்ல; நெல்லிக்காய் தின்று வெள்ளம் குடித்தால் வருமே, அந்த மாதிரி. மூன்றாம் ஊற்றிலேயே இப்படியென்றால் முதல் ஊற்றில் எப்படியிருக்கும் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதாம்மா நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கரண்டி போட்டாள். பரமண்டல ஜெபத்தையும் முறையாகச் சொன்னாள். 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற வரி வந்தபோது சற்று வேகமாகச் சொன்னாள். குடித்தாள். அவள் வாழ்க்கையில் அவளுக்கென்றே ஒருவரும் எதையும் முதலில் ஊற்றிக் கொடுத்ததில்லை. புருஷன் இருந்தபோதும் இல்லை. அந்த முதல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை முக்காலியில் ராணிபோல உட்கார்ந்திருந்தாள்.

பிறகென்ன, மதாம்மா வெளியே போகும் நாளெல்லாம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. மூன்று மாதத்தில் டப்பா பாதிக்குக் கீழே போய்விட்டது. அதைப் பார்த்த அன்று அவள் மூடியை அழுத்தி மூடி, டப்பாவைப் பின்னால் தள்ளி வைத்தாள். மதாம்மா கேட்டால்? கேட்கவே மாட்டார் என்பதுதான் அதைவிட மோசம். ஒன்றும் சொல்லாமல் கரண்டியைச் சின்னதாக்கிக்கொள்வார்.

ஆனந்தபாய் யோசித்தாள். ஆவியில் வாட்டுவதுதானே? இடியாப்பம் அவிக்கிற வீட்டில் ஆவிக்கா பஞ்சம்?

சிவதாணு என்று ஒரு வண்டிக்காரன் இருந்தான். முப்பது வயது, இந்து, தமிழுக்காக என்றால் சண்டைக்கு நிற்பான். மாட்டு வண்டியில் கருவாடும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றி அம்பூரிக்கு அப்புறம் மலைமேல் போவான். இறங்கும்போது விறகு கொண்டுவருவான். அங்கே கைவிட்ட தேயிலைத் தோட்டம் ஒன்று காடாய்க் கிடந்தது. கால்வலிக்கு ஒத்தடம் கொடுக்க என்று சொல்லி, கொழுந்து இலையாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னாள்.

"கால்வலிக்கு எருக்கிலை போராதாக்கா?" என்று கேட்டான்.

"எலே, சொன்னதைச் செய்யி. ஒனக்க கால்வலியா, எனக்க கால்வலியா?"

அவன் சிரித்துக்கொண்டு ஈரத் துணியில் கட்டிக் கொண்டுவந்தான். மூன்று தடவை கொண்டுவந்தான்.

முதல் மூட்டை வெந்து கருகிப்போயிற்று. இரண்டாவது கசந்தது. மூன்றாவதில் கை பழகிவிட்டது. இடியாப்பச் செம்பின் தட்டில் துணி விரித்து, கொழுந்தை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, இருபது எண்ணும்வரை ஆவி. உடனே முறத்தில் கொட்டி விசிறல். பிறகு தோசைக்கல்லை இளஞ்சூட்டில் வைத்து உள்ளங்கை சிவக்கச் சிவக்க உருட்டல். மதாம்மா ஊழியத்துக்குப் போன நாட்களில் மணிக்கணக்கில் உருட்டினாள். ஊசி ஊசியாக வந்தது. பச்சை மாறவில்லை. பழைய இலையோடு கலந்து டப்பாவைக் குலுக்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதாம்மா முதல் கிண்ணத்தை வாயில் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஆனந்தபாய்க்கு உயிர் போய்விட்டு வந்தது.

"ஆனந்தபாய்," என்றார், "வாசனை திரும்பி வந்திருக்கிறது. ஒரு வருஷமாக இது வைக்கோலைப்போல மணந்தது. நான் அதை உன்னிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன். இன்று அந்த ஆற்றங்கரை மணக்கிறது." சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது ஆனந்தபாய் பார்த்ததில்லை.

திருட்டு பிடிபட்டிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. தன் சிநேகிதி இறந்துபோயிருப்பாளோ என்ற பயத்தில் ஒரு கிழவி அழுகிறார், அதுவும் அம்பூரி மலை இலைக்கு. அன்றோடு ஆனந்தபாய் திருடிக் குடிப்பதை நிறுத்தினாள். ஆனால் கலப்பதை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அந்த வாசனை போய்விடும். போனால் மதாம்மா முகம் வாடும். காயவைத்திருந்ததை வாரம் ஒரு பிடியாகப் போட்டு வந்தாள். "ஆண்டவர் இந்த டப்பாவை ஆசீர்வதித்திருக்கிறார், குறைவதேயில்லை" என்று மதாம்மா வேடிக்கையாகச் சொல்லும்போதெல்லாம் அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

இதற்கிடையில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. திருவிதாங்கூரின் தெற்குத் தாலூகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலமும் மறியலுமாக இருந்த வருஷம் அது. ஐம்பத்துநாலு ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து, செத்தவர்கள் எத்தனை என்று ஊர் ஊராகக் கணக்கு மாறிக்கொண்டிருந்தபோது, கொடி பிடித்தவர்களைத் தேடிப் போலீஸ் இந்தப் பக்கமும் வந்தது. கொடி பிடித்தவர்களில் சிவதாணுவும் உண்டு. பின்கதவைத் தட்டியவனை மதாம்மாதான் உள்ளே விட்டார். சமையலறையை ஒட்டிய உக்கிராண அறையில், அரிசிப் பானைக்கும் தேயிலை டப்பாவுக்கும் நடுவில் மூன்று நாள் ஒளிந்திருந்தான். ஆனந்தபாய் மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தாள். நான்காம் நாள், "என்னக்கொண்டு மதாம்மாக்கு ஒரு கேடு வரண்டாம்" என்று சொல்லித் தானாகவே வெளியேறினான். ரோட்டில் வைத்துப் பிடித்தார்கள். அன்றிலிருந்து திருவனந்தபுரத்தில் ஜெயிலில் கிடந்தான்.

அடுத்த வருஷம் சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு மதாம்மா வராந்தாவில் குழந்தைபோல நடந்தார். லின் உயிரோடு இருந்தாள். ஹாங்காங்குக்குத் தப்பி வந்து, இப்போது மதராஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துக் கொச்சியில் கப்பல் இறங்குகிறாள். இன்னும் மூன்று நாளில் இங்கே வருவாள், இரண்டு நாள் தங்கிவிட்டு மதராஸ் போவாள்.

"ஆனந்தபாய், அவள் எனக்குத் தந்ததை அவளுக்கே ஊற்றிக் கொடுப்போம். அவளுடைய சொந்த ஊர்த் தேயிலை அது. அவளுடைய தகப்பனார் உருட்டியது."

தகப்பனார் உருட்டியது. ஆனந்தபாய் அன்று இரண்டு தடவை உக்கிராண அறைக்குப் போய் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பத்தில் ஒரு பங்குகூடப் பழைய இலை இல்லை. வந்தவளுக்கு முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். போய்ச் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளில் ஏழெட்டுத் தடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு தடவையும் "மத்தியானம் என்ன கறி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். சீ, என்ன பிறவி நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு மீன் கழுவினாள்.

லின் வந்த அன்று ஆனந்தபாய் கிணற்றடியில் இருந்தாள். வந்து பார்த்தபோது வராந்தாவில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. குட்டையாய், நரைத்த தலையோடு ஒரு அம்மா மதாம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். இருவரும் ஒரே நேரத்தில் சீனத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் அழுதார்கள்.

நாலு மணிக்குச் சாயா. ஆனந்தபாய் உள்ளங்கையை ஜாடியில் வைத்து ஐந்து எண்ணினாள். ஜெபத்தைச் சொன்னாள்; நடுவில் எங்கே இருக்கிறோம் என்பது மறந்து மறுபடி தொடங்கினாள். கிண்ணங்களைக் கொண்டு வைத்துவிட்டுத் தூண் பக்கத்தில் நின்றாள்.

லின் முதலில் முகர்ந்தாள். ஒரு மடக்கு குடித்தாள். வாயில் வைத்துச் சுழற்றினாள். பிறகு ஜாடியைத் திறந்து, நனைந்த இலை ஒன்றை விரல்மேல் விரித்துப் பார்த்தாள். மதாம்மாவிடம் ஏதோ சொன்னாள். மதாம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஆனந்தபாய், இது அவள் தந்த இலை இல்லை என்கிறாள். இது ஏதோ மலையில் விளைந்த வேறு ஜாதி இலை. டப்பாவை யார் தொட்டார்கள்?"

இதுதான் சமயம். மூன்று நாளாகத் தேடிய வாசல் தானாகவே திறந்திருக்கிறது. ஒரே ஒரு வார்த்தை போதும்.

"அந்தச் சிவதாணுவாக்கும் மதாம்மா," என்றாள். "ஒளிஞ்சிருந்தப்போ மூணு நாளு அந்த உக்கிராண முறியிலல்லியா கெடந்தான். எடுத்துக் குடிச்சுட்டு, மலையிலேந்து காயவச்சுக் கொண்டுவந்த எலையை இட்டு நெறச்சுருப்பான். அவன்தானே மலைக்குப் போறவன்."

எவ்வளவு அழகாகப் பொருந்தியது! ஜெயிலில் கிடப்பவன் வந்து மறுக்கப்போவதில்லை. அவள் நாக்கு இப்படி ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

மதாம்மா கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். "நான் அவனுக்கு அடைக்கலம் கொடுத்தேன்," என்றார். "கேட்டிருந்தால் இதையும் கொடுத்திருப்பேனே."

லின் மதாம்மாவின் கையைத் தட்டி மேலும் ஏதோ சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். மதாம்மா தயங்கித் தயங்கித் தமிழாக்கினார். "லின் இன்னும் முடிக்கவில்லையாம். இலைதான் வேறே, வேலை சுத்தமானது என்கிறாள். ஆவியின் அளவு சரி, உருட்டிய கை நல்ல கை. தன் தகப்பனாருக்கு அப்புறம் இப்படி உருட்டியதைப் பார்க்கவில்லையாம். செய்தவரைக் காணவேண்டும் என்கிறாள்."

ஆனந்தபாய் தன் உள்ளங்கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தக் கைகளை ஒருவர் புகழ்ந்தது அதுவே முதல் தடவை. அந்தப் புகழை ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவள் இன்னொருவன் தலையில் குற்றமாக ஏற்றி வைத்திருந்தாள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. குளித்துத் தலை சீவி, கையிடுக்கில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு சிவதாணு வந்துகொண்டிருந்தான். அவன் வழக்கைத் தள்ளி அன்று காலையில்தான் விட்டிருந்தார்கள். லின் அவனைப் பார்த்ததும் எழுந்து கையாட்டினாள். அவள் வந்த அதே பஸ்ஸில்தான் அவனும் வந்தான். பெட்டியைத் தோளில் சுமந்துவந்து, ஜெயில் அழுக்கோடு மதாம்மா முன்னால் நிற்கக் கூசி, வராந்தாவில் வைத்துவிட்டு ஓடியவனும் அவனேதான்.

"மதாம்மா, இறங்கினதும் குளிச்சிட்டு ஓடி வாறேன். அக்கா, சொகந்தானா?"

அவள் தூணுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

மதாம்மா எதையும் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாதவர். "சிவதாணு, நீ என் உக்கிராண அறையில் தங்கியிருந்தபோது இந்தத் தேயிலையை எடுத்துக் குடித்து, வேறு இலையால் நிரப்பினாயா?"

அவன் டப்பாவைப் பார்த்தான். பிறகு ஆனந்தபாயைப் பார்த்தான். கால்வலிக்கு என்று கொண்டுவந்த மூன்று மூட்டையும் அவன் கண்ணில் வந்து போனதை அவள் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறான் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா மதாம்மா," என்றான் தலைகுனிந்து. "நான்தான். பொறுக்கணும்."

"அப்படியானால் இங்கே உட்கார். இனிமேல் ஒளிந்து குடிக்க வேண்டாம், எங்களோடு குடி. ஆனந்தபாய், அவனுக்கு முதல் கிண்ணத்தை ஊற்று."

புது இலை போட்டு ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். காது இல்லாத சீனக் கிண்ணம். சிவதாணு வலது கையை நீட்டினான், விரல்கள் மடங்கவில்லை. இரண்டு விரல் ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகக் கோணியிருந்தன. இடது கையும் அப்படித்தான். லாக்கப்பில் நடந்தது என்றான்; எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. டாக்டர் லின் எழுந்துவந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"நீ பிடித்துக் கொடு," என்றார் மதாம்மா.

ஆனந்தபாய் முட்டிபோட்டுக் கிண்ணத்தை அவன் வாயருகே பிடித்தாள். அவன் ஒரு மடக்கு குடித்தான். முகம் கோணியது. கண்ணை மூடி விழுங்கிவிட்டு, யாருக்கு முன்னால் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதெல்லாம் மறந்து கேட்டான்:

"இதென்னக்கா, கீரை வெந்த வெள்ளமா?"

மதாம்மாவின் கை மேசைமேல் அப்படியே நின்றது. இதே வராந்தாவில் இதே வார்த்தையை அவர் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறார். இந்தச் சாயாவை முதன்முதலாகக் குடிக்கிறவர்கள்தான் அதைக் கேட்பார்கள். அவர் சிவதாணுவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். ஆனந்தபாயை மட்டும் பார்க்கவில்லை. அந்த இரக்கம்தான் அவளை அறைந்தது.

"மதாம்மா," என்றாள் முட்டிபோட்டபடியே. "நானாக்கும். எடுத்துக் குடிச்சதும் நான்தான், ஆவியில அவிச்சு இட்டதும் நான்தான். இவனுக்கு ஒண்ணும் அறியாது. இவன் இதை இப்பத்தான் குடிக்கான்."

"போட்டும் அக்கா, விட்டுரு," என்றான் சிவதாணு மெல்ல. "மூணு நாளு கஞ்சி தந்ததுக்கு இதொரு காரியமா?"

அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவள் அழுத அழுகையில் மூக்கும் வாயும் ஒன்றாகிப்போயிற்று. தன்னைத் திட்டச்சொல்லி அவன் காலைப் பிடிக்கப் போனாள். அவன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டான்.

மதாம்மா லின்னுக்கு எல்லாவற்றையும் சீனத்தில் சொன்னார். எவ்வளவு சொன்னாரோ தெரியாது. லின் எழுந்து வந்து ஆனந்தபாயின் கைகளைச் சேலையிலிருந்து வெளியே எடுத்தாள். தோசைக்கல்லில் காய்த்துப்போன உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தானே வெள்ளத்தை ஆற்றி, இலை போட்டு, முதல் ஊற்றை ஒரு கிண்ணத்தில் வடித்து அவள் முன்னால் வைத்தாள்.

குடிக்க முடியாது என்று ஆனந்தபாய் தலையாட்டினாள். "குடி, ஆனந்தபாய்," என்றார் மதாம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. வாசனை திரும்பி வந்தது என்று அன்று சொன்ன குரலும் இல்லை. அந்தப் பழைய குரலை அதற்குப் பிறகு ஆனந்தபாய் எப்போதும் கேட்கவில்லை.

எல்லார் முன்னாலும் உட்கார்ந்து குடித்தாள். பக்கத்தில் சிவதாணு கோணிப்போன விரல்களால் ஒரு மட்டிப்பழத்தை உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கியபின் கொஞ்சம் பொறுத்து, தொண்டையின் அடியில் அந்த இனிப்பு எப்போதும்போல வந்தது. இன்றைக்காவது அது வராமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்தாள்.